விடுதி இலக்கணம்: சர்க்கரைப் படலம்

பாயிரம்

நூல் செய்கிறவன் முதலில் தன் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு 19 வருஷமாகச் சர்க்கரை. அதில் கடைசி 6 வருஷம் ஊசி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். சொந்தக்காரர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் கல்யாண வயதில் பிள்ளைகள். ஆக, வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ராத்திரியாவது லாட்ஜில்தான் படுக்கை. இந்தத் தகுதி போதாது என்கிறவர்கள் தங்கள் குளுக்கோமீட்டரைக் காட்டிவிட்டுப் பேசலாம்.

பாயிரத்துக்கு உறுப்பு எட்டு என்று நன்னூல் படித்தவர்கள் சொல்வார்கள். எட்டுக்கும் இங்கே இடமில்லை. எல்லையும் கேட்போரும் போதும். எல்லை: வடக்கே வேலூர், தெற்கே திருச்செந்தூர், நடுவில் பஸ் நின்ற இடமெல்லாம். கேட்போர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி, நாடு முழுக்க 10.1 கோடிப் பேர். தொல்காப்பியருக்கே வாய்க்காத கூட்டம்.

இனி, இது முதல்நூலா வழிநூலா என்ற கேள்வி. சித்தர்கள் நோய்களை 4448 என்று எண்ணி வைத்தார்கள். அந்த நோயாளிகள் வெளியூர் போனால் எங்கே படுப்பார்கள் என்று எண்ணவில்லை. திருக்குறளில் விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம், மருந்து 95-ஆம் அதிகாரம். நடுவே 85 அதிகாரங்கள். வள்ளுவர் ஏதோ காரணமாகத்தான் வைத்திருப்பார். நம் லாட்ஜ்காரர்கள், இந்த இரண்டும் ஒன்றன் முகத்தில் ஒன்று விழிக்கவே கூடாது என்று பொருள் கொண்டுவிட்டார்கள்.

ஆனால் கல்லில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டு. அங்கே ஓர் ஆதுலர்சாலை, 15 கட்டில், வைத்தியர், கத்தி வைக்கிறவர், மூலிகை கொண்டுவர ஆள், பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்கள், இன்னார்க்கு இவ்வளவு நெல் என்று சம்பளம். அதே கோயிலில் படிக்கிற பிள்ளைகளுக்கு விடுதியும் உண்டு. படுக்கையும் மருந்தும் ஒரே கல்லில். அதற்குப் பிறகு தஞ்சாவூர் மராத்தியர்களின் சத்திரங்கள். இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் சத்திரத்து நடைமுறையை விவரிக்கிறார்: வழிப்போக்கன் நோயில் விழுந்தால் மேலே போக வேண்டாமென்று நிறுத்தி, மருந்தும் அதற்கேற்ற பத்தியச் சாப்பாடும் கொடுத்து, தேறும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. 'அதற்கேற்ற பத்தியம்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இந்த நூல் முதல்நூல் அன்று; பாதியில் அறுந்த ஒரு கயிற்றின் வழிநூல்.

விடை இயல்

விடுதிகளை எதை வைத்து வகுப்பது?

நட்சத்திரத்தை வைத்து எனின், அற்றன்று. நட்சத்திரம் நீச்சல் குளத்தை எண்ணும். நீரிழிவுக்காரன் எண்ணுவது கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை எத்தனை எட்டு என்பதை. வாடகையை வைத்து எனின், அதுவும் அன்று. 800 ரூபாய் அறையிலும் சரி, 8000 ரூபாய் அறையிலும் சரி, ராத்திரி இரண்டு மணிக்கு ரிசப்ஷனில் போனை எடுப்பதில்லை. பின் எதை வைத்து எனின், விடையை வைத்து. 'எனக்கு சுகர் இருக்கு, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இருக்குமா?' என்ற ஒரே வினாவுக்கு முன்மேசையில் என்ன விடை வருகிறதோ, அதுவே அந்த விடுதியின் இனம்.

விடை எட்டு வகை. பத்தாம் வகுப்பில் நான் வருஷா வருஷம் நடத்திய பாடம். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. 31 வருஷம் இதற்கு 'கடைத்தெரு எங்குள்ளது' என்று உப்புச்சப்பில்லாத உதாரணம் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். எட்டுக்கும் உயிருள்ள உதாரணம் ஒரே மேசையில் கிடைக்கும் என்பது சர்க்கரை வந்த பிறகுதான் தெரிந்தது.

சுட்டு விடை: 'அந்தா, எதிர்த்தாப்புல மெடிக்கல்.' விரல் மட்டும் நீளும்; கண் கணினியில் இருக்கும்.

மறை விடை: 'இல்ல சார்.' இதைக் குறைவாக எடைபோடக் கூடாது. எட்டிலும் நாணயமானது இது. இல்லை என்று தெரிந்துவிட்டால் நாம் நம் வழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேர் விடை: 'இருக்கு சார்.' ஆபத்தானது இதுவே. விரிவு பெட்டி இயலுள் காண்க.

ஏவல் விடை: 'ஐஸ் வாங்கி நீங்களே வச்சுக்கங்க சார்.' இதில் ஒரு நுட்பம் உண்டு: ஐஸ் எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டால் விடை சுட்டாக மாறும்.

உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகளாகவே வரும். 'எங்கப்பாவுக்கும் சுகர்தான் சார். போன ஆடியில கட்டைவிரல எடுத்துட்டாங்க.' இது உற்றது. 'இப்ப தெரியாது சார், பத்து வருஷம் கழிச்சு கிட்னியில கைவைக்கும்.' இது உறுவது. பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்று இதைக் கேட்க வேண்டும். பிறகு வைத்தியம் தொடங்கும்: வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், கொய்யா இலை. ஒரு மேனேஜர் எனக்குப் பாகற்காய்ச் சாற்றின் அளவை அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதியே கொடுத்தார். அவர் முகத்தில் இருந்த அக்கறை பொய்யில்லை. ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

வினா எதிர் வினாதலை இலக்கணம் ஒன்றாகச் சொல்கிறது. நான் இரண்டாகப் பிரிக்கிறேன். 'ஃபிரிட்ஜ் இல்லாம இருக்குமா சார்?' என்பது பாடப்புத்தக வகை. வினா உருவத்தில் வந்த உடன்பாடு, அதாவது வேஷம் போட்ட நேர்விடை. உண்மையாகவே வினவுகிற இரண்டாம் வகையை நான் பார்த்தது வேலூரில்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சந்துகளில் நடந்தால் தமிழ்நாட்டில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். பலகையெல்லாம் வங்காள எழுத்து. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற குடும்பங்கள், நாள்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் தங்குகின்றன. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, வாங்கிக் கட்டுப்படியும் ஆகாது. அதனால் அறையோடு சேர்ந்து ஓர் ஒட்டுச் சமையல் மேடை, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு, கீழே மீன்கடை. மச்சினனுக்குத் துணையாக நான் அங்கே ஒரு லாட்ஜில் இறங்கியபோது, கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு பையன் பெயரைக்கூடக் கேட்காமல், 'எந்த டிபார்ட்மெண்ட்?' என்றான். அவருக்கு இதயம், எனக்குச் சர்க்கரை என்றேன். 'ஊசியா மாத்திரையா? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?' என்று கேட்டுவிட்டு, 'அப்ப காலைல ஆறரைக்கே இட்லி சொல்லிரட்டுமா?' என்றான். சுவரில் காரை பெயர்ந்த அறை. விசிறி கடகடவென்றது. ஆனால் சரபோஜியின் கடிதத்தில் அடிக்கோடிட்டோமே, அந்தக் கயிற்றின் ஒரு நுனியை அவன் கையில் பார்த்தேன்.

எட்டாவது, இனமொழி விடை. ஒன்றைக் கேட்டால் அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. 'ஆடுவாயா?' என்றால் 'பாடுவேன்' என்பது புத்தக உதாரணம். 'இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இருக்கா?' என்றால் 'சுகர் இல்லாம காபி தருவோம் சார்' என்பது வாழ்க்கை.

சர்க்கரைக்காரனை நம் நாட்டு விடுதி அறிந்துகொண்டிருப்பது இந்த ஒரு வழியில்தான். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கே கிடைக்குமா என்று கேளுங்கள்; சுகர் இல்லாத காபி. கீழ்த்தளத்தில் அறை உண்டா? சுகர் இல்லாத காபி. ஊசி முனையை எதில் போடுவது? சார், காபி சுகர் இல்லாமலே தருவோம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நோய்க்குச் 'சர்க்கரை' என்று பேர் வைத்தாகிவிட்டது. சர்க்கரையை எடுத்துவிட்டால் நோயும் போய்விட்டது என்றுதானே ஒரு நல்ல மனிதன் நினைப்பான்? இரக்கம் கூடுதலாக உள்ள விடுதிகள் இன்னும் ஒரு படி மேலே போகும். கெட்டிலுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிற சர்க்கரைப் பொட்டலங்களை, நாம் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து, நம் நன்மைக்காக எடுத்துவிடும். இதை நினைவில் வையுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

பெட்டி இயல்

நேர்விடையை நம்பி மாடி ஏறியவன் கண்முன் நிற்பது ஒரு சிறிய பெட்டி. அது மூவகை: குளிர வைப்பது, குளிர வைப்பதுபோல் உறுமுவது, உறைய வைப்பது.

முதல்வகை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது கிடைத்த நாளில் நான் இந்த நூலைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இரண்டாம் வகைதான் பெரும்பான்மை. கதவுக்குப் பக்கத்தில் சாவிக் கார்டைச் செருக ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் கார்டு இருக்கும்வரை அறைக்கு உயிர் உண்டு. நாம் கார்டை உருவிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால் விளக்கு, ஏசி, பெட்டி எல்லாம் ஒருசேரக் கண்ணை மூடும். பகல் முழுதும் வெயிலில் வெந்த அறையில் பெட்டியும் வேகும். சாயங்காலம் வந்து கார்டைச் செருகியதும் உறுமத் தொடங்கும். நாமும் 'ஓடுகிறது' என்று நிம்மதியாகக் கதவைச் சாத்துவோம். திறக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. இந்தப் பெட்டிகளில் பல, கார்டு இருக்கும்போதே அவ்வளவு இறங்காது; பீர் பாட்டிலுக்கு வியர்த்தால் போதும் என்று செய்யப்பட்டவை. பரிகாரம்: 'இன்னொரு கார்டு குடுங்க' என்று கேட்டு வாங்கிப் பள்ளத்தில் விட்டுப் போவது. தராவிட்டால் பழைய நூலக உறுப்பினர் அட்டை பல இடங்களில் வேலை செய்கிறது. ஏசியை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள்; முதலாளி நமக்குப் பகைவர் அல்லர்.

மூன்றாம் வகைக்கு ஒரு சம்பவம். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கல்யாணம். அறையில் பெட்டி இல்லை. ஆனால் மேனேஜர் எழுந்து நின்று இரண்டு கையாலும் இன்சுலின் பேனாவை வாங்கிக்கொண்டார். 'கிச்சன்ல வச்சுத் தர்றேன் சார், நீங்க நிம்மதியாப் போங்க.' காலை ஐந்தரை மணிக்கு, ஏழு மணி முகூர்த்தத்துக்கு முன் ஊசி போட வேண்டும் என்று போய்க் கேட்டேன். ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டியைத் திறந்து, வெனிலா டப்பாவுக்கும் வறுக்க வைத்திருந்த மீனுக்கும் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'நல்லா ஜில்லுனு வச்சிருக்கேன் சார்.' பேனா மெழுகுவர்த்திபோல விறைத்திருந்தது. உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். உருகியது, ஆனால் கண்ணாடிக்குள் வெள்ளைத் திப்பியாய் ஒட்டிக்கொண்டு நின்றது. உறைந்த இன்சுலினை அப்புறம் நம்ப முடியாது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ரொம்ப நன்றிங்க' என்றேன். மருந்துக்கடை திறக்க ஒன்பது ஆனது. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் நீட்டிய எல்லாத் தட்டுக்கும் 'விரதம்' என்று சொல்லிச் சமாளித்தேன். என்ன விரதம் என்று ஒரு பாட்டி கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். அன்றைக்கு ஞாயிறு.

அஃதேல், திறந்த பேனாவுக்குப் பெட்டியே வேண்டாமே, 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்குமே எனின், உண்மை. ஆனால் சித்திரையில் வேலூரில் 30 டிகிரி என்பது கம்பளி போர்த்துகிற குளிர். அங்கேதான் பானை வருகிறது. புது மண்பானையில் பாதித் தண்ணீர். இறுக மூடிய டப்பாவுக்குள் மருந்து. டப்பா தண்ணீரில் மிதக்கும். பானையின் மேல் துளைகளில் நீர் கசிந்து ஆவியாகிறபோது உள்சூட்டைக் கூட்டிக்கொண்டு போகும். கரண்ட் வேண்டாம், கார்டு வேண்டாம். கிராமத்து டாக்டர்கள் பலகாலமாகச் சொல்லிக்கொடுப்பது. ஒருமுறை அறைக்கு ஒரு பானை கேட்டேன். அலங்காரத்துக்கு லாபியில் வைத்திருந்த, வார்னிஷ் அடித்து மயில் வரைந்த பானையைக் கொண்டுவந்தார்கள். வார்னிஷ் அடித்த பானை கசியாது. கசியாத பானை குளிராது. மயில் மட்டும் அழகாக இருந்தது.

பொழுது இயல்

ஒரு நாளைக்குச் சிறுபொழுது ஆறு, ஒவ்வொன்றும் பத்து நாழிகை. அகப்பொருளில் தலைவனும் தலைவியும் எந்தப் பொழுதில் என்ன செய்வார்கள் என்று வரையறை உண்டு. நீரிழிவுக்காரனுக்கும் உண்டு.

குறிஞ்சித் தலைவன் யாமத்தில் எழுந்து வருவது தலைவியைப் பார்க்க. நம் தலைவன் யாமத்தில் எழுவது வேறு காரியத்துக்கு. 'நீரிழிவு' என்று பேர் வைத்தவன் சர்க்கரையைப் பார்த்து வைக்கவில்லை, பாத்ரூமைப் பார்த்து வைத்திருக்கிறான். ஆகவே புது அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே எதெது கிடக்கிறது என்று பார்த்து வைப்பது. கட்டிலின் மர மூலை முழங்காலுக்குக் கீழே சரியாக எலும்பைத் தேடி அடிக்கும். பாத்ரூம் வாசலில் நாலங்குல உயரத்துக்கு ஒரு படி. அதை எந்த மேஸ்திரி எதற்காகக் கட்டினான் என்பதற்கு எந்த உரையிலும் விளக்கமில்லை.

வைகறையில் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றிவிடும். எழுந்ததும் அளந்து பார்த்து, ராத்திரி தின்னாத லட்டுக்குப் பழி சுமப்போம். காபிக்கு ஆள் ஆறரைக்குத்தான் வருவான்.

காலைதான் போர்க்களம். 'காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட் ஏழரை டு பத்தரை.' எனக்கு ஊசி சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு ஏழரைக்குக் கீழே போனால், வெள்ளித் தட்டுகளெல்லாம் மூடிய கோலத்தில் வரிசையாக நிற்கும். அடியில் நெருப்பு மட்டும் எரியும். 'மாஸ்டர் இப்பத்தான் வந்தாரு சார்.' ரத்தத்துக்குள் இன்சுலின் வேலையைத் தொடங்கியாயிற்று. அதற்கு மாஸ்டரைத் தெரியாது. ஆகவே என் விதி: தட்டு கண்ணில் பட்ட பிறகே ஊசி. பாதி விருந்தாளிகள் பார்க்க, தூண் மறைவில், சட்டையைத் தூக்கி. கூச்சமெல்லாம் மூன்றாம் வருஷத்தோடு போய்விட்டது.

மூடி திறந்தால் பொங்கல், இட்லி, பூரி, கேசரி. எல்லாம் மாவும் அரிசியும் ரவையும். ஓரத்தில் 'ஹெல்தி கார்னர்' என்று ஒரு மேசை. அங்கே ஓட்ஸ், அதன் தலையில் தேன். சிறுதானியப் பாயசம், அதற்கு நாட்டுச் சர்க்கரை. ஒரு விடுதியில் கருப்பட்டி அல்வாவுக்கு முன்னால் 'டயாபடிக் ஸ்பெஷல்' என்று எழுதியே வைத்திருந்தார்கள். வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை: நிறம் நாலு, ஜாதி ஒன்று. ரத்தத்துக்குள் போனபின் எவரும் அவற்றின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. விமானத்தில் டி.பி.எம்.எல். என்று நாலெழுத்தைச் சொல்லி முன்பதிவு செய்தால் சர்க்கரைக்காரன் சாப்பாடு தனியாக வரும். ரயில்வே வாரியம்கூட 2022-இல் சர்க்கரைக்காரர்களுக்கான உணவைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. பறக்கிறதற்கும் ஓடுகிறதற்கும் தெரிந்தது, ஒரே இடத்தில் நிற்கிற விடுதிக்குத் தெரியவில்லை.

நண்பகல் என்பது செக்-அவுட். இந்தப் பொழுதுக்குரிய உரிப்பொருள் மறதி. இன்சுலினை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! என் மனைவி கண்டுபிடித்த முறை: அறைக்குள் போனதும் தன் பர்ஸையும் மருந்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். மருந்தை மறப்பார்கள், பர்ஸை மறக்க மாட்டார்கள். ஜில்லென்ற நோட்டை வாங்கிய ஆட்டோக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

எற்பாட்டில் டீ வரும், சர்க்கரை இல்லாமல். மாலையில் ஒன்றுமில்லை.

கால் இயல்

பெயருக்கேற்பக் கால் இயல்.

பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். ஹீட்டர் தண்ணீரில் காலை வைத்தால் சுடுவது தெரியாது. முழங்கையால் பார்த்துவிட்டு விட வேண்டும். கோயில் ஊர் விடுதிகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பக்தி சரி, நடுப்பகல் வெயிலில் காய்ந்த கருங்கல் பக்தியைப் பார்க்காது. மரத்த கால் கொப்புளத்தை ராத்திரிதான் சொல்லும், அதுவும் ஈரமான படுக்கை விரிப்பைக் காட்டி. பழனியில் 690 படிக்கு மேல் உண்டு. விஞ்சும் ரோப் காரும் உண்டு. நான் இரண்டையும் விட்டுப் படியேறினேன். அது பிழை, அடுத்து வரும் புறனடைக்குக் காரணமும் அதுவே.

புறனடை

சொல்லாமல் விட்டதெல்லாம் புறனடையுள் அடங்கும் என்பது மரபு. விட்டது இரண்டு.

ஒன்று, நம் குற்றம். ஊசி முனையை நாம் எங்கே போடுகிறோம்? அறையிலுள்ள பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில். காலையில் அதைக் கையை விட்டு அள்ளுகிற பெண்ணின் விரலை நாம் பார்ப்பதில்லை. நான் ரொம்ப நாள் பார்க்கவில்லை. பஞ்சில் சுற்றிப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த அம்மா சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றதைப் பார்த்தேன். என்னுடைய ஊசிதானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து திருகுமூடி போட்ட கெட்டியான பழைய டப்பா ஒன்று என் பையில் இருக்கிறது; முனைகளெல்லாம் அதற்குள் ஊருக்குத் திரும்பி, ஆஸ்பத்திரி நர்ஸிடம் போகின்றன. லாட்ஜ்காரர்களை எட்டு வகையாகப் பிரிக்கிறவன் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு, எந்த இயலிலும் அடங்காத பழனி ராத்திரி.

சாயங்காலம் படியேறி இறங்கினோம். லாட்ஜுக்கு வந்தபோது மணி எட்டரை. 'ரெண்டு தோசை, ஒரு சப்பாத்தி, அரை மணியில வந்துரும் சார்' என்றான் ரூம் பாய். இருபது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. நேர்விடை. தட்டு கண்ணில் பட்ட பிறகே ஊசி என்ற என் விதியை நானே மீறினேன், அசதி. ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டு வந்தபோது மணி பத்து. 'கிச்சன் மூடிட்டாங்க சார். ரெண்டு இட்லிதான் மிச்சம் இருந்துச்சு.' தின்றேன், படுத்தேன்.

மணி 1.40. இலக்கணப்படி யாமம். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, கை நடுங்கியது, நாக்கு உதட்டோடு பேசவில்லை. படியேறிய கால்கள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன, ஊசி அதன் வேலையைப் பார்த்திருக்கிறது, நடுவில் இரண்டு இட்லி. குத்திப் பார்த்தேன்: 58. எழுபதுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை சட்டென்று உள்ளே போக வேண்டும்; கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பொடி எங்கே? பெட்டியில் இல்லை, வீட்டில், எடுத்து வைத்த இடத்தில், பத்திரமாக. கெட்டில் தட்டுக்குப் போனேன். வரும்போது நாலு சர்க்கரைப் பொட்டலம் பார்த்த ஞாபகம். காபித்தூள் இருந்தது, பால் பவுடர் இருந்தது. சர்க்கரை இருந்த இடத்தில், நல்ல மனசோடு துடைத்து வைத்த வெறும் இடம். ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி எழுந்துவிட்டாள். விளக்கைப் போட்டாள், என்னை ஒரு பார்வை, ஒரு வார்த்தை பேசாமல், ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய பஞ்சாமிர்தப் பையை அவிழ்த்தாள். ட்யூபின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, வாயில் பிதுக்கினாள். விருப்பாச்சி மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், ஏலம். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராதது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த நேரத்தில் எனக்குக் குறியீடெல்லாம் தோன்றவில்லை. வெறும் சர்க்கரையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஏறியிருக்கும். நெய் சர்க்கரையின் காலைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். கால் மணியில் 66. இன்னும் கொஞ்சம். இரண்டே கால் மணிக்கு 94. 'சின்னத்தை வீட்டுக்குன்னு வாங்கினது' என்றாள். அதற்குப் பிறகு தூங்கினோம்.

காலையில் பையன் காபியோடு வந்தான். மேசைமேல் சுருட்டிக் கிடந்த ட்யூபைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த வருத்தத்தை என் பிள்ளைகள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

'என்ன சார், சுகர் வச்சுக்கிட்டு முழு ட்யூபா? நான் அந்தச் சக்கரையக்கூட எடுத்து வச்சிருந்தேனே. அம்மா, நீங்களாவது சொல்லக்கூடாதா?'

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, ராத்திரி நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சர்க்கரை கூடினால் மெல்லக் கொல்லும், குறைந்தால் அன்றைக்கே கொல்லும் என்றேன். மீட்டரில் 58-ஐக் காட்டினேன். கேட்டான். தலையை ஆட்டினான். எந்த அளவு நம்பினான் என்று தெரியவில்லை. கீழே போய்விட்டு வந்தான். கையில் நாலு பொட்டலம். வாங்கக் கையை நீட்டினேன்.

'உங்ககிட்ட இல்ல சார்' என்று சொல்லி, என்னைச் சுற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக எண்ணி அவள் கையில் வைத்தான்.